எதிரணியின் 21-ஆம் எண்

சென்ற இதழில் ஒரு வாசகர், "நீங்கள் மனதார வெறுத்த விளையாட்டு வீரர் யார்?" என்று கேட்டிருந்தார். "டிம் டங்கன்; ஆனால் இன்று யாருடைய பழைய ஆட்டத்தைத் தேடிப் பார்ப்பேன் என்று கேட்டால் அதற்கும் அவர்தான் பதில்" என்று ஒரே வரியில் எழுதி அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த ஒற்றை வரிக்கு வந்த கடிதங்கள் மற்ற எல்லாப் பதில்களுக்கும் சேர்த்து வந்தவற்றைவிட அதிகம். ஆகவே இந்த முறை அந்த ஒரு பொருளைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அவரை அறியாதவர்களுக்காகச் சில விவரங்கள்: அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்.பி.ஏ.வில் 1997 முதல் 2016 வரை 19 சீசன்கள், சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் என்ற ஒரே அணிக்காக ஆடியவர்; ஐந்து முறை பட்டம் வென்றவர்; சட்டை எண் 21.

கேள்வி: ஐயா, ஒருவரை வெறுத்தேன் என்று எழுதுகிறீர்கள், அவரையே தேடிப் பார்க்கிறேன் என்றும் எழுதுகிறீர்கள். வெறுப்புக்குக் காரணம் என்ன, மாற்றம் எப்போது வந்தது என்று சற்று விரிவாகச் சொல்லக்கூடாதா? (மதுரை வாசகர்)

பதில்: 1999-ஆம் ஆண்டு, கணினிகளை 2000-ஆம் ஆண்டுக்குத் தயார்ப்படுத்தும் வேலைக்காக அமெரிக்கா சென்ற ஆயிரக்கணக்கானவர்களில் நானும் ஒருவன். லாஸ் ஏஞ்சலஸின் தெற்கே ஒரு வாடகை வீட்டில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். நால்வருக்கும் கூடைப்பந்து தெரியும். பள்ளிக்கூட மண் ஆடுகளத்தில் ஆடிப் பழகியவர்கள். அந்த ஊரில் இறங்கிய ஒரே வாரத்தில் லேக்கர்ஸ் அணி எங்கள் சொந்த அணியாகிவிட்டது. ஷக்கீல் ஓனீலும் கோபி பிரையன்ட்டும் இளமையின் உச்சத்தில் இருந்த காலம் அது; அவர்களைப் பிடிக்காமல் போவதற்குத்தான் காரணம் தேட வேண்டியிருந்திருக்கும்.

நாங்கள் பார்த்த முதல் பிளே ஆஃப் சுற்றிலேயே (சீசன் முடிவில் முன்னணி அணிகள் பட்டத்துக்காக மோதும் சுற்றுகள் இவை; இங்கே சொல்லும் தொடர்களில் நான்கு ஆட்டங்களை முதலில் வெல்லும் அணிக்கே வெற்றி) ஸ்பர்ஸ் அணி வந்து, நான்குக்கு நான்கு ஆட்டங்களையும் வென்று, லேக்கர்ஸை வெளியே அனுப்பியது. 1967 முதல் அந்த அணியின் வீடாக இருந்த ஃபோரம் அரங்கில் லேக்கர்ஸ் ஆடிய கடைசி அதிகாரபூர்வ ஆட்டமும் அதுவே. அடுத்த சீசனில் புது அரங்கத்துக்குக் குடிபெயரவிருந்த அணிக்கு, பழைய வீட்டைப் பூட்டும் நாளில் இழவு விழுந்ததைப் போல் இருந்தது. அதைச் செய்தவர்களில் முதன்மையானவர், தம் இரண்டாவது சீசனை மட்டுமே ஆடிக்கொண்டிருந்த, 23 வயதுப் பையன் ஒருவர். அவர் அதற்காகச் சிரிக்கவும் இல்லை, மார்தட்டவும் இல்லை. வேலை முடிந்து பேருந்துக்குப் போகிறவரைப் போல் நடந்து வெளியேறினார். அன்று தொடங்கியது எங்கள் வெறுப்பு.

அடுத்த ஆண்டுகளில் அது வளர்வதற்குப் போதிய உரம் கிடைத்தது. 1999 முதல் 2003 வரையிலான ஐந்து பட்டங்களையும் இந்த இரண்டு அணிகளே தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டன: முதலாவதும் கடைசியும் ஸ்பர்ஸுக்கு, இடையில் மூன்றும் லேக்கர்ஸுக்கு. 2001-இல் நாங்கள் நான்குக்குப் பூஜ்யம் என்று வென்றோம். 2002-இல் நான்குக்கு ஒன்று. (இன்றும் "நாங்கள்" என்றுதான் எழுத வருகிறது, மன்னியுங்கள்.) 2003-இல் அவர்கள் நான்குக்கு இரண்டு என்று வென்று எங்கள் வரிசையான பட்டங்களுக்கு முற்றுப்புள்ளி வைத்தார்கள். அந்தத் தொடரின் ஆறாவது ஆட்டம் எங்கள் ஊரிலேயே நடந்தது. 110-82 என்று தோற்றோம். டங்கன் 37 புள்ளிகளும் 16 ரீபவுண்டுகளும் (குறி தவறித் தெறித்த பந்தைக் கைப்பற்றுவது) எடுத்தார். ஆட்டம் முடியும்போது எங்கள் வீரர் டெரெக் பிஷர் பெஞ்சில் அழுதுகொண்டிருந்ததைக் காட்டினார்கள். எங்கள் வீட்டில் யாரோ தொலைக்காட்சியை அணைத்தோம். யார் என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

சரி, தோல்விகள் மட்டுமா காரணம்? பிற அணிகளிடமும் தோற்றிருக்கிறோம், அவற்றின் வீரர்களை இப்படி வெறுத்ததில்லை. டங்கனிடம் எங்களைக் குறிப்பாக எரிச்சலூட்டியது, அவரைத் திட்டுவதற்குப் பிடி கிடைக்காததுதான். ஆணவம் பிடித்தவர் என்றால் திட்டலாம், முரட்டுத்தனமாக ஆடுகிறவர் என்றால் திட்டலாம். முகத்தில் எதுவுமே இல்லாதவரை என்ன சொல்லித் திட்டுவது? "சலிப்பூட்டும் ஆட்டம்" என்றோம். அதையே திரும்பத் திரும்பச் சொன்னோம். ஓனீல் அவருக்கு வைத்த பட்டப்பெயரும் அடிப்படைப் பாடங்களில் தேர்ந்தவர் என்ற பொருள் படுவதுதான். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளாமல் கேலியாக எடுத்துக்கொள்வது எங்களுக்கு வசதியாக இருந்தது.

மாற்றம் வந்தது ஒரு பழைய ஆட்டத்தின் ஒளிப்பதிவால். இரு அணிகளும் மறுபடி மோதிய 2004 பிளே ஆஃப் தொடரில், மே 13 அன்று சான் அன்டோனியோவில் நடந்த ஐந்தாவது ஆட்டத்தை லேக்கர்ஸ் ரசிகர் எவரும் மறக்க மாட்டார். கடிகாரத்தில் 0.4 வினாடி மீதமிருக்க, ஒரு புள்ளி பின்தங்கியிருந்த லேக்கர்ஸுக்காக கேரி பேட்டன் வெளியிலிருந்து பந்தைத் தர, பிஷர் அதை வாங்கித் திரும்பி எறிந்தார், பந்து கூடைக்குள் விழுந்தது, 74-73. பந்தைப் பிடித்து எறிவதற்குக் கடிகாரத்தில் குறைந்தது 0.3 வினாடியாவது இருக்க வேண்டும் என்பது என்.பி.ஏ. விதி. அப்படியென்றால் விதி அனுமதிக்கும் எல்லையின் ஓரத்தில் நிகழ்ந்த அதிசயம் அது. நான் ஊர் திரும்பிய பிறகும், மனம் சோர்ந்த நாட்களில் அந்த ஒரு எறிதலை மட்டும் போட்டுப் பார்ப்பது வழக்கம். எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

பத்து ஆண்டுகள் கழித்து ஒரு நாள், எங்கே தொடங்குகிறோம் என்று கவனிக்காமல் பதிவைச் சற்று முன்னாலிருந்து ஓட விட்டேன். பிரையன்ட்டின் எறிதலால் லேக்கர்ஸ் ஒரு புள்ளி முன்னிலைக்கு வந்திருந்தது. பந்து டங்கனிடம் வருகிறது. எதிரே நிற்பவர் ஓனீல், அதாவது 140 கிலோவுக்குக் குறையாத ஒரு மலை. கூடை தொலைவில் இருக்கிறது, நேரம் தீர்ந்துகொண்டிருக்கிறது, உதவிக்கு யாரும் இல்லை. உடல் நிலைகுலைந்து சாய்ந்துகொண்டிருக்கும்போதே, ஓனீலின் நீட்டிய கைக்கு மேலே பந்தை எறிகிறார், உள்ளே விழுகிறது, ஸ்பர்ஸ் 73-72 என்று முன்னிலை பெறுகிறது, அரங்கம் வெடிக்கிறது. மீதமிருந்தது அந்த 0.4 வினாடிதான்.

பிஷருக்கு அந்த வாய்ப்பே கிடைக்காமல் போயிருந்தால், ஒருவர் வாழ்நாளில் எறிந்த மிக அரிய பந்துகளில் ஒன்றாக அது இன்று பேசப்பட்டுக்கொண்டிருக்கும். அதை அவருடைய அணியின் ஊரே மறந்துவிட்டது. நான் எப்படி நினைவில் வைத்திருப்பேன்? நூறு முறை ஓட்டிப் பார்த்த பதிவில், நான் ஒவ்வொரு முறையும் தொடங்குவதற்குச் சில வினாடிகளுக்கு முன்பு அது நடந்திருக்கிறது. அன்று இரவு 2002 தொடரைத் தேடி எடுத்தேன். நாங்கள் எளிதாக வென்றதாக நான் நினைவில் வைத்திருந்த தொடர் அது. அதன் கடைசி ஆட்டத்தில் டங்கன் எடுத்தவை 34 புள்ளிகள், 25 ரீபவுண்டுகள். ஸ்பர்ஸின் மற்றொரு தூணான டேவிட் ராபின்சன் முதுகு வலியால் முழுமையாக ஆட இயலாத அந்தத் தொடரில், ஓனீலையும் பிரையன்ட்டையும் ஏறத்தாழத் தனியாளாக எதிர்த்து நின்றிருக்கிறார். அந்த ஆட்டத்தை நான் நேரலையில் முதலிலிருந்து முடிவுவரை பார்த்தவன். எனக்கு நினைவிருந்தது பிரையன்ட் மட்டுமே.

கேள்வி: டங்கன் என்றாலே பந்தைப் பலகையில் அடித்துப் போடுவார் என்கிறார்கள். நேரே கூடைக்குள் போடத் தெரியாதவர்கள் செய்வது அது என்றே எங்கள் கல்லூரியில் கிண்டல் செய்வார்கள். இதில் என்ன சிறப்பு? (திருச்சி வாசகர்)

பதில்: உங்கள் கல்லூரியில் மட்டுமா, எங்கள் பள்ளியிலும் அப்படித்தான். "போர்டுல பட்டு விழுந்தது, அதிர்ஷ்டம்" என்பார்கள். அந்தக் கிண்டலில்தான் விஷயம் இருக்கிறது.

கூடையின் வளையம் தரையிலிருந்து பத்து அடி உயரத்தில், 18 அங்குல விட்டத்தில் இருக்கிறது. அதற்குப் பின்னால் நிற்கும் பலகை ஆறு அடி அகலமும் மூன்றரை அடி உயரமும் கொண்டது. வளையத்துக்கு நேர் மேலே பலகையில் 24 அங்குல அகலம், 18 அங்குல உயரத்தில் ஒரு செவ்வகம் வரைந்திருக்கும். அது அழகுக்காக வரைந்தது அன்று. கூடைக்குப் பக்கவாட்டில், ஏறத்தாழ 45 பாகைக் கோணத்தில் நிற்பவர் அந்தச் செவ்வகத்தின் மேல் மூலையைக் குறிவைத்து எறிந்தால், பந்தின் வேகத்தில் ஒரு பகுதியைப் பலகை வாங்கிக்கொள்கிறது. பந்து சாய்வாகச் சறுக்காமல் செங்குத்தாக வளையத்துக்குள் இறங்குகிறது. நேரே எறியும்போது வேகம் சிறிது கூடினாலும் குறைந்தாலும் பந்து வளையத்தின் முன் விளிம்பிலோ பின் விளிம்பிலோ மோதித் தெறிக்கும். பலகையில் அடிக்கும்போது அந்தச் சிறு பிழையைப் பலகை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். அதுவும் மிகக் குறுகிய ஒரு கோணப் பரப்புக்குள்தான். அந்த இடத்தைவிட்டு ஓரடி முன்னேயோ பின்னேயோ நகர்ந்தால் கணக்கு மாறிவிடும்.

டங்கன் என்ன செய்தார் என்றால், கூடைக்கு இடப்பக்கம் அந்த இடத்தைத் தம் வீட்டுத் திண்ணையாக்கிக்கொண்டார். பந்தை வாங்குவார், எதிராளியைப் பார்த்துத் திரும்புவார், ஒரு கணம் காத்திருப்பார், பிறகு எறிவார். வருவது என்னவென்று எதிராளிக்குத் தெரியும், அரங்கில் உள்ள இருபதாயிரம் பேருக்கும் தெரியும், லாஸ் ஏஞ்சலஸில் அரிசி வடித்துக்கொண்டே பார்த்த எங்கள் நால்வருக்கும் தெரியும். தெரிந்தும் தடுக்க முடியாது. ஒளித்து வைத்துக்கொண்டு வித்தை காட்டுகிறவரைவிட, சொல்லிவிட்டுச் செய்கிறவரை எதிர்கொள்வது கடினம் என்பதை அன்று நான் உணரவில்லை, "மறுபடியும் அதே பந்தா!" என்று அலுத்துக்கொண்டேன்.

கேள்வி: அவர் முதலில் நீச்சல் வீரர் என்பது உண்மையா? (நாகர்கோவில் வாசகி)

பதில்: உண்மைதான். அவர் பிறந்தது 1976-இல், கரீபியன் கடலில் அமெரிக்காவுக்கு உட்பட்ட வர்ஜின் தீவுகளில் ஒன்றான செயின்ட் குரோயில். அக்காள் டிரிஷா 1988 சோல் ஒலிம்பிக்கில் நீச்சலில் கலந்துகொண்டவர். தம்பிக்கும் அதே கனவு. 400 மீட்டர் ஃப்ரீஸ்டைல் அவருக்கு உகந்த போட்டி. 1989 செப்டம்பரில் ஹியூகோ புயல் தீவைப் புரட்டிப் போட்டபோது, ஒலிம்பிக் அளவில் அங்கிருந்த ஒரே நீச்சல் குளமும் அழிந்தது. கடலில் பயிற்சி செய்யலாம் என்றால், பையனுக்குச் சுறா என்றால் பயம். அடுத்த ஆண்டு, அவருடைய பதினான்காம் பிறந்தநாளுக்கு முந்தைய நாள், தாயார் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். நீச்சல் அத்தோடு நின்றது. பிறகே கூடைப்பந்து.

பட்டப்படிப்பை முடிப்பேன் என்று தாயாருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற, வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகளும் இருந்து உளவியலில் பட்டம் பெற்றார். இரண்டு ஆண்டுகள் முன்பே வெளியேறியிருந்தாலும் என்.பி.ஏ. அணிகள் கோடிகளைக் கொட்டியிருக்கும். இந்தக் கதையெல்லாம் அன்று எங்களுக்குத் தெரியாது என்று சொன்னால் அது பொய். செய்தித்தாளில் வந்தது, படித்தோம். படித்துவிட்டு மறுநாள் மாலை அவரைத் திட்டவும் செய்தோம்.

கேள்வி: குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். டங்கனால் லேக்கர்ஸுக்கு ஆபத்து இல்லை என்று ஆன பிறகுதானே உங்களுக்கு அவர்மீது அன்பு பிறந்தது? பல் விழுந்த புலியைத் தடவிக் கொடுப்பது பெருந்தன்மையா? (சென்னை வாசகர்)

பதில்: நல்ல கேள்வி; பாதிக்கு மேல் உண்மையும் இருக்கிறது. 2013-இல் முதல் சுற்றில் ஸ்பர்ஸ் எங்களை நான்குக்குப் பூஜ்யம் என்று வென்றபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சில நாட்களுக்கு முன்புதான் பிரையன்ட்டுக்குக் குதிகால் நாண் அறுந்திருந்தது. இல்லாத ஒன்றுக்காக எப்படி அழுவது? பயம் போன இடத்தில் நியாயம் வந்து உட்கார்ந்தது என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன். பயத்தோடு பார்க்கிற கண், பந்து எங்கே போகிறது என்பதை மட்டுமே பார்க்கிறது. நம் ஊர்க் கபடியில் பாடிப் போகிறவர் மீதுதான் ஊரே கண் வைத்திருக்கும். மூலையில் நின்று சங்கிலி போட்டு அவரை மடக்கிய கைகள் யாருடையவை என்று பிறகு கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. டங்கன் மடக்குகிற ஜாதி.

ஆனால் புலிக்குப் பல் விழுந்துவிட்டது என்பதை மட்டும் ஏற்க முடியாது. அதே 2013 இறுதிச் சுற்றில், மயாமி அணிக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில் கையில் இருந்த பட்டத்தை ஸ்பர்ஸ் கடைசி வினாடிகளில் நழுவ விட்டது. ஏழாவது ஆட்டத்தில் ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம் இருக்கும்போது, கூடைக்கு மிக அருகில், ஆயிரம் முறை போட்ட ஒரு பந்தை டங்கன் தவறவிட்டார். தட்டிப் போடப் பார்த்தார், அதுவும் தவறியது. திரும்பி ஓடி வந்து தடுப்பாட்டத்துக்குக் குனிந்தவர், இரண்டு கைகளாலும் தரையை ஓங்கி அறைந்தார். பதினாறு ஆண்டுகளாகக் கல்லாக இருந்த முகம் அன்று உடைந்தது. எங்கள் வீட்டில் அப்போது காலை, மனைவி எழுந்து வந்து, "யாருக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டார். எதிரணிக்காரனுக்கு என்று சொல்ல வாய் வரவில்லை.

மறு ஆண்டு, 38-ஆவது வயதில், அதே மயாமியை நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் வென்று டங்கன் ஐந்தாவது பட்டத்தை எடுத்தார். பல் விழுந்த புலி செய்கிற காரியமா அது? அந்தத் தொடர் முழுவதும் நான் யாருக்காகக் கை தட்டினேன் என்பது எங்கள் பழைய நால்வர் குழுவுக்கு இன்றுவரை தெரியாது. இந்த இதழ் அவர்கள் கையில் கிடைக்காமல் இருக்க வேண்டும்.

கேள்வி: குறையே இல்லாதவரைப் போல் எழுதுகிறீர்களே! (புதுச்சேரி வாசகர்)

பதில்: நிறைய உண்டு. எதிராளி விதி மீறும்போது கிடைக்கும் ஃபவுல் எறிதல்களில் பத்துக்கு மூன்றைத் தவறவிட்டவர். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அவர் இருந்த அமெரிக்க அணி, போர்ட்டோ ரிகோவிடம்கூடத் தோற்று, வெண்கலத்தோடு திரும்பியது. சர்வதேச நடுவர்களின் ஃபவுல் கணக்குக்கு அவரால் கடைசிவரை பழக முடியவில்லை. நடுவர் என்றதும் நினைவுக்கு வருகிறது: அமைதியே உருவானவர் என்று அவரை வருணிப்பவர்கள், அவர்மீது ஃபவுல் கொடுக்கப்பட்ட ஒரு கணத்தையாவது பார்த்திருக்க மாட்டார்கள். இரு கைகளையும் விரித்து, கண்கள் பிதுங்க, "நானா?" என்று உலகமே கவிழ்ந்ததைப் போல் நிற்பார். எங்கள் வீட்டில் அந்த முகத்தை நடித்துக் காட்டுவதே தனிப் பொழுதுபோக்கு. 2007-இல் பெஞ்சில் உட்கார்ந்து சிரித்ததற்காக நடுவர் ஜோயி கிராஃபோர்ட் அவரை ஆட்டத்தைவிட்டே வெளியேற்றினார். அதற்காகப் பின்னர் இடைநீக்கம் செய்யப்பட்டவர் நடுவர்தான். அந்தச் செய்தி வந்த அன்று நாங்கள் நடுவர் பக்கம் நின்றோம். தவறுதான். ஆனாலும் அந்தக் கண்களைப் பத்து ஆண்டுகள் பார்த்தவர்களுக்கு அது புரியும்.

கேள்வி: கோபி பிரையன்ட்டா, டங்கனா? மழுப்பாமல் ஒரே பெயர் சொல்லுங்கள். (சிங்கப்பூர் வாசகர்)

பதில்: கடைசி எறிதல் ஒன்று என்றால் பிரையன்ட்டிடம் கொடுப்பேன். அணி ஒன்றைப் புதிதாகக் கட்டச் சொன்னால் டங்கனிலிருந்து தொடங்குவேன். இரண்டு பெயர் ஆகிவிட்டது, வேறு வழியில்லை.

இருவரும் ஐந்து பட்டம் வென்றவர்கள்; இருவரும் ஓர் அணியைவிட்டு நகராதவர்கள்; இருவரும் விடைபெற்றது 2016-இல்தான். விடைபெற்ற விதத்தில் மட்டும் இரண்டு துருவங்கள். பிரையன்ட் ஏப்ரல் 13 அன்று, ஊர் ஊராக ஒரு சீசன் முழுக்கப் பிரியாவிடை பெற்ற பிறகு, யூட்டாவுக்கு எதிராக 60 புள்ளிகள் எடுத்து, ஒலிவாங்கியைப் பிடித்துப் பேசிவிட்டுப் போனார். டங்கன் ஜூலையில், ஆட்டங்கள் எல்லாம் முடிந்து யாரும் கூடைப்பந்தை நினைக்காத ஒரு காலைப் பொழுதில், அணியின் அலுவலகம் வெளியிட்ட ஓர் அறிக்கையின் மூலம் ஓய்வு பெற்றார். செய்தியாளர் சந்திப்புகூட இல்லை. எனக்கு முன்னது அன்று பிடித்தது, கண் கலங்கினேன். பின்னதைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுவதும் வேலை ஓடவில்லை.

இருவரையும் 2020-ஆம் ஆண்டு ஒரே பட்டியலில் கூடைப்பந்துப் புகழ் மண்டபத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் காலத்தின் இன்னொரு பெரிய வீரரான கெவின் கார்னெட்டும் அதில் உண்டு. அந்த ஆண்டு ஜனவரி 26 அன்று பிரையன்ட் ஹெலிகாப்டர் விபத்தில் மகளோடு இறந்துபோயிருந்தார். பெருந்தொற்றால் தள்ளிப்போன விழா 2021 மே மாதம் நடந்தது. பிரையன்ட்டின் இடத்தில் அவருடைய மனைவி வனெசா நின்று பேசினார். மைக்கேல் ஜோர்டன் அருகில் நின்றார். டங்கனுக்குத் துணையாக மேடையில் இருந்தவர் ராபின்சன். பிரையன்ட், டங்கன் இருவருக்கும் ஒரே விழாவில் மரியாதை நடப்பதைப் பார்ப்பதற்காகத்தான் எங்கள் நால்வரில் மூவர் வெவ்வேறு நாடுகளிலிருந்து தொலைபேசியில் இணைந்து அந்த விழாவைப் பார்த்தோம். டங்கன் பேச வந்தபோது ஒருவன், "நம்ம ஆள் வந்துட்டான்டா" என்றான். யாரும் திருத்தவில்லை.

கேள்வி: அவர் ஒருமுறை ஸ்பர்ஸைவிட்டுப் போக இருந்தார் என்கிறார்களே? (ஈரோடு வாசகர்)

பதில்: 2000-ஆம் ஆண்டு கோடையில். ஒப்பந்தம் முடிந்து ஓர்லாண்டோ அணியோடு பேசச் சென்றார். நட்சத்திர வீரர்களான கிரான்ட் ஹில்லும் டிரேசி மெக்ரேடியும் அங்கே சேர்ந்தார்கள், இவர் சான் அன்டோனியோவிலேயே இருந்துவிட்டார். லேக்கர்ஸும் ஸ்பர்ஸும் மேற்குப் பிரிவு, ஓர்லாண்டோ கிழக்குப் பிரிவு என்பதால், அவர் போய்விட்டால் பிளே ஆஃபில் இறுதிச் சுற்றுவரை எங்கள் கண்ணில் பட மாட்டார் என்று கணக்குப் போட்டிருந்தோம். வேண்டுதல் பலிக்கவில்லை. போகிறபோக்கில் இன்னொரு வேடிக்கை: 2003 தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் லேக்கர்ஸ் வீரர் ராபர்ட் ஹோரி எறிந்த கடைசிப் பந்து வளையத்துக்குள் இறங்கி வெளியே வந்ததால்தான் நாங்கள் தோற்றோம். அந்தக் கோடையிலேயே ஹோரி ஸ்பர்ஸுக்குப் போய், டங்கனோடு சேர்ந்து மேலும் இரண்டு பட்டங்கள் வென்றார். அவரை மன்னிக்க எனக்கு டங்கனை மன்னித்ததைவிட அதிக நாள் ஆயிற்று.

கேள்வி: என் மகன் பள்ளி அணியில் ஆடுகிறான். உயரமான பையன் என்பதால் கூடைக்கு அடியில் நிறுத்துகிறார்கள். "என்னை யாரும் கவனிப்பதில்லை, பந்து போடுகிறவனைத்தான் பாராட்டுகிறார்கள்" என்று சோர்ந்து வருகிறான். டங்கனின் ஆட்டம் ஒன்றை அவனுக்குக் காட்டலாமா? எது? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: கட்டாயம் காட்டலாம், அம்மா. 2003 ஜூன் 15 அன்று நியூ ஜெர்சி நெட்ஸுக்கு எதிராக நடந்த இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தைத் தேடுங்கள். ஸ்பர்ஸ் 88-77 என்று வென்று பட்டம் பெற்ற ஆட்டம் அது. டங்கனின் கணக்கு: 21 புள்ளிகள், 20 ரீபவுண்டுகள், 10 அசிஸ்டுகள் (சக வீரர் கூடையில் போட உதவிய பந்துகள்), 8 பிளாக்குகள் (எதிராளி எறிந்ததைத் தட்டித் தடுத்தவை). பிளாக் இன்னும் இரண்டு கூடியிருந்தால் நான்கு வகையிலும் இரட்டை இலக்கம் எட்டியிருப்பார். இறுதிச் சுற்றில் அப்படி ஒருவரும் செய்ததில்லை.

பையனிடம் முதலில் புள்ளிக் கணக்கைச் சொல்லாதீர்கள். ஏதாவது ஒரு கால் பகுதியைப் போட்டு, பந்து எங்கே போனாலும் சரி, 21-ஆம் எண்ணை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பந்து மறுபக்கம் இருக்கும்போது அவருடைய கால்கள் எங்கே நிற்கின்றன, எதிராளி கூடையை நோக்கி ஓடி வரும்போது எந்த நொடியில் நகர்கிறார் என்று கவனிக்கட்டும். பல முறை அவர் கையைத் தூக்கவே மாட்டார். அவர் அங்கே நிற்பதைப் பார்த்தே எதிராளி மனம் மாறி, பந்தை வேறொருவருக்குத் தந்துவிடுவார். அது எந்தக் கணக்கிலும் ஏறாது. எதிராளியின் பந்தைத் தட்டும்போது, கூட்டத்தின் கைதட்டலுக்காக மூன்றாம் வரிசை நாற்காலிக்குப் பறக்க விடாமல், தம் அணிக்காரர் கைக்கு எட்டும்படி ஆடுகளத்துக்குள்ளேயே தட்டுவார். வெளியே பறந்த பந்து மறுபடி எதிரணிக்கே போகும். உள்ளே விழுந்த பந்து நமக்கு. இத்தனைக்கும், சிறந்த தடுப்பாட்டக்காரர்களின் அணிகளில் 15 முறை இடம்பெற்ற இவருக்கு, ஆண்டின் தலைசிறந்த தடுப்பாட்டக்காரர் என்ற விருதை ஒருமுறைகூடத் தரவில்லை. பையன் சோர்ந்து வரும் நாளில் இதைச் சொல்லலாம். சமாதானம் ஆவானா, கோபப்படுவானா என்பது அவன் குணத்தைப் பொறுத்தது.

அடுத்து 2004 மே 13 ஆட்டத்தின் கடைசி இருபது வினாடிகளைக் காட்டுங்கள். ஓனீலின் கைக்கு மேலே போன அந்தப் பந்தை இரண்டு முறை ஓட்டிக் காட்டுங்கள், மூன்று முறை வேண்டுமானாலும். ஆனால் அதோடு அணைத்துவிடாதீர்கள், அம்மா. இன்னும் 0.4 வினாடி இருக்கிறது, அது எங்களுடையது.